கடல் தொட்டியில் இறால்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் வீட்டுக் கடல் தொட்டி பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மீனைப் பற்றி அல்ல, இறாலைப் பற்றி. "மீன் நன்றாக இருக்கிறது, இறால் மட்டும் செத்துவிடுகிறது" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் இந்த முறை இரண்டு பக்கமும் இறாலுக்கே.

"மீனின் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால் ஒன்றே ஒன்றுதான் விட்டோம். ஒரு நாள் காலையில் பார்த்தால் மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்க, மல்லாந்து கிடந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டே எடுத்துப் போய்ச் செடியடியில் புதைத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பாறைச் சந்தில் அதே இறால் நிற்கிறது. எப்படி?" — வாசகி, கே.கே. நகர்

பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் அம்மா, அவர்கள் புதைத்தது இறாலின் சட்டையை. வளர வளர ஓடு போதாமல் போவதால் இறால் சில வாரங்களுக்கு ஒருமுறை மேலோட்டை மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிடும். தலைக்கும் வால் பகுதிக்கும் நடுவே முதுகுப் பக்கம் ஒரு பிளவு விடும், அது வழியாக உடம்பு வெளியே வந்துவிடும். மீசையின் உறை, கண்ணை மூடியிருந்த கண்ணாடி மாதிரியான மூடி, கால் நுனி வரைக்கும் எல்லாம் அந்தச் சட்டையில் இருப்பதால் முழு இறால் செத்துக் கிடப்பது போலவே தெரியும். அடுத்த முறை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது, அந்தப் பக்கம் தெரியும், வாடையும் இருக்காது. செத்த இறால் என்றால் வெந்த இறால் போல மங்கிய வெள்ளையாகிவிடும், தொட்டாலே கனம் தெரியும்.

சட்டை உரித்த பிறகு ஓடு இறுகும் வரை ஒன்றிரண்டு நாள் அது வெளியே தலைகாட்டாது. அந்த நேரத்தில் அதன் உடம்பு அவ்வளவு மெத்தென்று இருக்கும், சாதுவான மீன்கூட ஒரு கடி கடித்துப் பார்க்கும். பாறையைப் புரட்டித் தேட வேண்டாம், டார்ச் அடிக்க வேண்டாம். கழற்றிய ஓட்டையும் ஒரு நாள் உள்ளேயே விடலாம், சில இறால்கள் அதைக் கொறித்துத் தின்னும். கால் ஒன்று ஒடிந்திருந்தாலும் பயப்பட வேண்டாம், அடுத்தடுத்து சட்டை உரிக்கும்போது திரும்ப முளைத்துவிடும்.

சட்டை உரிக்க உதவும் என்று அயோடின் சொட்டு மருந்து விற்கிறார்கள். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. நல்ல கடல் உப்புக் கலவையில் வேண்டிய அளவு இருக்கிறது, கூடினால்தான் ஆபத்து.

"உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.025 (நல்ல தண்ணீருக்கு 1). அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நிமோ மீன் இரண்டும் ஒரு வருடமாக நன்றாக இருக்கின்றன. இறால் மட்டும் எத்தனை விட்டாலும் இரண்டே நாளில் போய்விடுகிறது. தண்ணீர்கூட வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்தான், அதுவும் போன வருடம் வாங்கிய புது மெஷின். என்ன குறை?" — வாசகர், எஸ்.எஸ். காலனி

அந்தப் புது மெஷினின் முன்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். 'காப்பர்' என்று போட்டிருக்கிறதா?

இப்போது கடைகளில் விற்கும் ஆர்.ஓ. மெஷின்களில் நிறைய இந்த வகைதான். செப்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் நம்பிக்கை இருப்பதால், கடைசியில் ஒரு கார்ட்ரிட்ஜ் வைத்து, வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் செம்பைச் சேர்த்துத் தருகிறார்கள். நாம் குடிக்கலாம். மீனும் தாங்கும். இறால் தாங்காது. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் மருந்தாகக் கொடுப்பதே செம்புதான், லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் வரை. மீனைக் குணப்படுத்தும் அந்த அளவு இறாலைக் கொன்றுவிடும், அதைவிடக் குறைந்த அளவும் கொல்லும். இத்தனைக்கும் இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகும் பொருளிலேயே செம்பு இருக்கிறது, அணுவளவு செம்பு இல்லாமல் அதனால் வாழ முடியாது. ஆனால் தண்ணீரில் கூடினால் செவுளைக் கெடுத்துவிடும்.

உங்கள் தொட்டியில் ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட வாரா வாரம் ஊற்றியிருப்பீர்கள். தண்ணீர்தான் ஆவியாகிறது, செம்பு உள்ளேயே தங்கிவிடுகிறது, ஒரு வருடக் கணக்கு சேர்ந்திருக்கும். மெஷின் அதுதான் என்று உறுதியானால், சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் மெம்ப்ரேனுக்கு (உப்பை வடிகட்டும் சவ்வு) அடுத்து, காப்பர், மினரல் கார்ட்ரிட்ஜுகளுக்கு முன்னால், ஒரு டி இணைப்பு வைத்துத் தனிக் குழாய் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சின்ன வேலைதான். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) கன்ட்ரோலர் இருந்தால் அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும், அதற்கும் முன்னாலேயே எடுக்க வேண்டும். எடுத்த தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நம் மதுரைப் பக்கத்துப் போர் தண்ணீருக்கு மெம்ப்ரேன் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் மாதம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் காப்பர் இல்லை என்றால் வேறு வழியில் வந்திருக்கலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுத்தமானது என்று பிடித்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது செப்புக் குழாய் ஓடும் காயிலின் மேல் படிந்து வடிகிற தண்ணீர், தொட்டிக்கு ஆகாது. உப்புக் கலக்கப் பித்தளை அண்டா, செப்புக் குடம் எதையும் எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக் வாளியும் பிளாஸ்டிக் கரண்டியும் போதும். தொட்டியை யாரிடமாவது பழசாக வாங்கியிருந்தால், அவர் எப்போதாவது செம்பு மருந்து போட்டாரா என்று கேளுங்கள். பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அப்படி ஊறிய பாறையை இறால் தொட்டிக்கு மறுபடி பயன்படுத்த வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: செம்புக்கான டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். நல்ல தண்ணீரில் உப்புக் கலந்து வாரம் இருமுறை கால்வாசி மாற்றுங்கள். செம்பை உறிஞ்சுவதற்கென்றே வரும் ரெசினை ஃபில்டரில் போடுங்கள். கிட் பூஜ்யம் காட்டிய பிறகும் சில வாரம் பொறுங்கள், ஏனென்றால் கிட்டின் கண்ணுக்குத் தெரியாத அளவும் இறாலுக்குத் தெரியும். அதுவரை இன்னொரு இறால் வாங்காதீர்கள். காரணம் தெரியாமல் ஒன்று போனதும் அடுத்ததை வாங்கி விடுவது, கடலிலிருந்து பிடித்து வந்த உயிரை வைத்துத் தண்ணீரைச் சோதிப்பது மாதிரி ஆகிவிடும்.

"தொட்டி இருக்கிற அறையில்தான் எல்லோரும் படுக்கிறோம். கண்மாய் பக்கத்தில் இருப்பதால் கொசு அதிகம். கொசுவுக்கு லிக்விட் வைக்கலாமா?" — வாசகர், திருப்பரங்குன்றம்

வைக்கக் கூடாது. கொசு லிக்விட், சுருள், ஸ்பிரே எல்லாவற்றிலும் இருப்பது பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துதான். இறாலும் பூச்சியும் உறவு, இரண்டும் கணுக்காலிகள். பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும், அதுவும் மிகச் சின்ன அளவிலேயே. தொட்டியில் ஓடும் ஏர் பம்ப் அறையில் இருக்கிற காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது, அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் அப்படியே. ராத்திரி முழுக்க லிக்விட் எரிந்தால் ராத்திரி முழுக்க மருந்து உள்ளே போகிறது.

கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள், ஜன்னலுக்கு நெட் அடியுங்கள். டெங்கு நேரத்தில் மாநகராட்சிக்காரர்கள் தெருவில் புகை அடிக்க வருவார்கள், அது வேண்டியதுதான், தடுக்க வேண்டாம். வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை அணைத்து, தொட்டியை ஈரத் துணியால் மூடுங்கள். தண்ணீரைச் சுற்றிவிடும் மோட்டார் மட்டும் ஓடட்டும். புகை அடங்கியதும் துணியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"அக்னி நட்சத்திரத்தில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி போய்விட்டது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க வசதி இல்லை. கரண்டும் அடிக்கடி போகிறது." — வாசகர், உசிலம்பட்டி

இறாலுக்கு 24 முதல் 27 டிகிரி வரை நல்லது. 28 தாண்டினால் கவலைப்பட வேண்டும், 30-க்கு மேல் பல நாள் நின்றால் இழப்புதான். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, அதே நேரம் இறாலுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது.

முதலில் இடம். மேற்குச் சுவரை ஒட்டியோ, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலோ தொட்டி இருந்தால் சித்திரை வருவதற்குள் மாற்றிவிடுங்கள். அடுத்தது விசிறி. மூடியை எடுத்துவிட்டு, மேலே வலை போட்டு, சின்ன விசிறி ஒன்றைத் தண்ணீரின் மேல்பரப்பில் படுமாறு சாய்வாக வையுங்கள். ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் 2 முதல் 4 டிகிரி வரை குறையும். நம் பக்கம் கோடையில் காற்று வறண்டு கிடப்பதால் கடலோர ஊர்க்காரர்களைவிட நமக்கு இது நன்றாகவே வேலை செய்யும். விளக்கைப் பகலில் அணைத்துவிட்டு இரவில் போடலாம். ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள், சட்டென்று இறங்கும் சூடும் இறாலுக்கு ஆகாது.

விசிறி வைத்தால் தண்ணீர் மளமளவென்று குறையும், நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். குறைந்ததைப் பார்த்து உப்புத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உப்பு ஆவியாவதில்லை. வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் மூன்று நாளுக்குச் சேர்த்து அல்ல, தினமும் காலையும் மாலையும். தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டி வைத்தால் எவ்வளவு குறைந்தது என்பது நின்று பார்க்காமலே தெரியும். உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.023-க்கும் 1.026-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஆடினால், சட்டை உரிக்கிற நேரத்தில் இறால் சிக்கிச் சாகும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள், அது பிசகினால் எல்லாமே பிசகும்.

கரண்டுக்கு, பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டரில் தொட்டி மோட்டாரை ஓட்டுவதானால் ப்யூர் சைன் வேவ் வகை நல்லது, மற்றதில் மோட்டார் உறுமிச் சூடாகும்.

"மச்சான் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கிறார். கேன் கேனாகக் கடல் தண்ணீரும், தொட்டியில் வைக்கப் பவளப் பாறைத் துண்டுகளும் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?" — வாசகர், திருமங்கலம்

பவளம் வேண்டவே வேண்டாம். செத்துக் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இலேயே பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள், புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மண்டபம் இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் வாசலில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் அறிவித்தது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பவளத் திட்டுகள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டித் தேய்ந்தவை, இப்போது கடல் சூடாகி வெளுத்துக்கொண்டிருப்பவை. நம் வீட்டுக் கூடத்துக்காக அதிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. தொட்டிக்கென்று செயற்கைப் பாறை, செராமிக் பாறை கிடைக்கிறது. பாக்டீரியா ஏறி நாலைந்து மாதத்தில் அதுவும் அசல் பாறை போலவே ஆகிவிடும்.

தண்ணீர் எடுத்து வரலாம், ஆனால் எங்கே எடுத்தது என்பது முக்கியம். படகுத் துறையில் எடுத்தால் டீசலும் படகுக்கு அடிக்கும் பெயின்டும் கலந்திருக்கும், அந்தப் பெயின்டில் பெரும்பாலும் செம்பு உண்டு. செப்டம்பர், அக்டோபரில் சில வருடம் நாக்டிலூகா என்கிற நுண்ணுயிர் பெருகி அங்கே கடலே பச்சையாகிவிடும். 2019-இல் அப்படிப் பெருகித் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து பவளங்களே செத்தன. என்னைக் கேட்டால், சுமார் 150 கிலோமீட்டர் கேன் சுமப்பதைவிட உப்பு வாங்கி வீட்டிலேயே கலப்பது நிம்மதி.

"ராத்திரி தொட்டியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிறதோ என்று அம்மா பயப்படுகிறார்." — வாசகி, வில்லாபுரம்

அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பாறையோடு ஒரு பிஸ்டல் இறால் வந்திருக்கும். அதற்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கும். அதைப் படாரென்று மூடும்போது தண்ணீர் பீய்ச்சியடித்து ஒரு குமிழி உண்டாகிறது, குமிழி நசுங்கும்போது வருவதுதான் அந்தச் சத்தம். கொடுக்கு ஒன்றோடொன்று மோதும் சத்தம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2000-இல் அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்த பிறகுதான் குமிழி என்று தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் சின்ன இரை மயங்கிவிடும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது.

இதில் பல வகை கோபி மீனோடு ஒரே வளையில் குடியிருக்கும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது வளை தோண்டும், மண்ணை வெளியே தள்ளும். வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை மீனின் மேல் வைத்துக்கொண்டேயிருக்கும். மீன் வாலைச் சிலிர்த்தால் இரண்டும் உள்ளே. பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள், தொட்டி வளர்ப்பதில் எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: நத்தை ஓடுகள் உடைந்து கிடந்தால் அது பிஸ்டல் இறால் இல்லை, மான்டிஸ் இறாலாக இருக்கலாம். அதைப் பிடித்து வெளியேற்றியாக வேண்டும். பெட் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே ஒரு துண்டு இறால் சதை போட்டு ராத்திரி வைத்துப் பாருங்கள்.

"நிமோவுக்கு வெள்ளைப் புள்ளி. கிளீனர் இறால் விட்டால் தின்று குணப்படுத்திவிடும் என்கிறார் கடைக்காரர்." — வாசகர், செல்லூர்

மீனின் உடம்பை அது சுத்தம் செய்வது உண்மை, நோயைக் குணப்படுத்தும் என்பதை நம்பி இருக்காதீர்கள். அந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கிறது, பெருகுவதோ மணலில். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். பெரிய தொட்டி சுமார் இரண்டரை மாதம் மீன் இல்லாமல் இருக்கட்டும், இறால் அங்கேயே இருக்கலாம், அதற்கு இந்த நோய் வராது. செம்பு மருந்து பெரிய தொட்டிக்குள் ஒரு சொட்டும் விழக் கூடாது.

"ஜோடியாக வளர்க்க ஆசை. ஆண், பெண் எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த இறால் நல்லது?" — வாசகி, தல்லாகுளம்

கிளீனர் இறாலில் கண்டுபிடிக்கவே வேண்டாம். முதுகில் சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடு ஓடுமே, அந்த வகையும், ரத்தச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஃபயர் இறாலும், பெப்பர்மின்ட் இறாலும் ஒரே குடும்பம். சிறுசாக இருக்கும்போது ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு ஒரே உடம்பில் ஆணும் பெண்ணுமாக ஆகிவிடும். ஒரே வகையில் எந்த இரண்டை விட்டாலும் ஜோடிதான், இரண்டுமே வயிற்றடியில் பச்சை நிறத்தில் முட்டை சுமக்கும். குஞ்சுகளை வீட்டில் வளர்த்தெடுப்பது மட்டும் மிகக் கடினம், வாரக் கணக்கில் தண்ணீரில் மிதந்து, உயிருள்ள நுண்ணிய தீனி தின்று வளர வேண்டியவை.

முதல் முறை என்றால் கிளீனர் இறால். ஃபயர் இறால் அழகு, ஆனால் கூச்சம், பகலில் குகைக்குள்ளேயே இருக்கும். சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட கோரல் பேண்டட் முரடு, ஒன்று மட்டும் வைக்கலாம், இல்லை ஏற்கெனவே சேர்ந்த ஜோடி. மற்ற இறால்களைக் கொன்றுவிடும். ஹார்லெக்வின் இறால் நட்சத்திர மீனைத் தவிர வேறெதுவும் தின்னாது, தயவுசெய்து வாங்காதீர்கள். தொட்டியில் லயன் மீன், டிரிகர், பஃபர், ஹாக் மீன் இருந்தால் இறாலே வேண்டாம்.

வாங்கும் இடத்தில், கடலில் பிடித்ததா பொரிப்பகத்தில் வளர்ந்ததா என்று கேளுங்கள். லட்சத்தீவில் அகத்தி தீவில் மத்திய அரசின் மீன் மரபணு வள நிறுவனம் சில அலங்கார இறால் வகைகளை இனப்பெருக்கம் செய்யவைத்து, தீவுப் பெண்களிடம் வளர்க்கக் கொடுத்து வருகிறது. கேட்பவர்கள் கூடினால்தான் அந்த மாதிரி இறால் நம் ஊர்க் கடைக்கும் வரும்.

"அரை அடித் தொட்டியில் ஒரே ஒரு கடல் இறால் வளர்க்கலாமா? காலேஜ் படிக்கிறேன், ஹாஸ்டல் ரூம்." — வாசகர், நாகமலை புதுக்கோட்டை

வேண்டாம் தம்பி. அவ்வளவு சின்ன தொட்டியில் நீ வகுப்புக்குப் போய் வருவதற்குள் உப்பு ஏறிவிடும். ஆசையாக இருந்தால் நன்னீர் செர்ரி இறாலை வளர்த்துப் பார். கொஞ்சம் பாசியும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும், குட்டியும் போடும். செம்பும் கொசு மருந்தும் அதற்கும் ஆகாது.

"மதுரையில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவருகிறேன். வந்ததும் எப்படி விடுவது? தினமும் என்ன கொடுப்பது?" — வாசகர், மேலூர்

பையை வெயில் படாமல் தெர்மோகோல் பெட்டியில் கொண்டுவாருங்கள். வந்ததும் கட்டை அவிழ்க்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு இறாலைத் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, மெல்லிய ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு. வாளித் தண்ணீர் மூன்று மடங்காகும் வரை, ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகட்டும். மீனுக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம், இறாலுக்கு வேண்டும். அப்புறம் சின்ன டப்பாவில் முகந்து விடுங்கள், வலையில் மீசை சிக்கி ஒடியும்.

அன்றைக்கு விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாளிலிருந்து மீனுக்குப் போடுவதில் மிஞ்சுவதையே தின்னும். வாரம் இரண்டு மூன்று முறை மட்டும், சமையலுக்கு வாங்கும் இறாலில் மஞ்சள், உப்பு படாத ஒரு துண்டைக் கழுவி, அரிசி அளவு நறுக்கி, பக்கத்தில் வையுங்கள். வாளியில் மிஞ்சிய கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், கடைத் தொட்டியில் மீனுக்குச் செம்பு மருந்து போட்டிருக்க வாய்ப்பு உண்டு, அதைச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள்.